பற்றரிக்குள் இருப்பது மின்சாரமா?

யாழ்ப்பாணத்தில் 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மின்சாரம் நின்றது. அது மீண்டும் வரப் பல ஆண்டுகள் சென்றன. அக்காலத்திற் பள்ளிச் சிறுவராக இருந்த எம்போன்றோர்க்குச் சுவரிலுள்ள ஆளியை அழுத்தினால் விளக்கு எரியும் என்பது மூத்தோர் சொல்லக் கேட்கும் பழங்கதைபோல ஆயிற்று. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் திரியும் இட்டு, எண்ணி எண்ணி விட்ட மண்ணெண்ணெயில் எரிந்த விளக்கின் ஒளியிலேயே நாம் பாடம் படித்தோம்.

ரோச் லைற்றுக்கும் வானொலிப் பெட்டிக்கும் வேண்டிய பற்றரிகளும் அந்நாளிற் கிடைத்தற்கு அரியவை. வடக்கே கொண்டுவரத் தடைசெய்யப்பட்டிருந்த பொருள்களுள் அவையும் அடங்கும். ஆகவே, பற்றரி ஓய்ந்துவிட்டதென்று எவரும் அதனை எறிந்துவிடுவதில்லை. எமது பெரியப்பா ஓய்ந்த பற்றரிகளை முற்றத்து மதிலின்மேல் வரிசையாக நிறுத்திவிடுவார். நண்பகல் வெயிலில் அவை சுடச்சுடக் காயும். இரவானதும் அவற்றை வானொலிப் பெட்டியிற் போட்டு முடுக்கினால், சிறிது நேரம் செய்தி கேட்கும். அயலவர் ஏழெட்டுப் பேர் மூச்சையும் அடக்கிக்கொண்டு சுற்றியிருப்பர். மிக முக்கியமான செய்தி வரும்வேளையில், வாசிப்பவரின் குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோல மெலிந்து மறைந்துவிடும்.

ஒருநாள் மாலை பெரியப்பா எம்மை அழைத்தார்.

“தம்பி, வெயில் தாழ முந்திப் பற்றரியளை எடுத்து உள்ளுக்கை வை.”

“பெரியப்பா, வெயில் பற்றரிக்குள்ளை கரண்டை ஊத்துதோ?”

“எனக்கெங்கை தெரியும்? நீ படிச்சுப்போட்டு வந்து எனக்குச் சொல்லு.”

அவர் தச்சுத்தொழில் செய்தவர். ஐந்தாம் வகுப்புக்கு மேற் படித்தவரல்லர். அன்று அவர் எம்மிடம் ஒப்படைத்த கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இக்கேள்வியை இன்றும் எமது மாணவர் பலர் வேறு வேறு உருவிற் கேட்கின்றனர். கைத்தொலைபேசிக்கு மின்னேற்றுகையில் மின்சாரம் உள்ளே சென்று நிறைகிறது என்றும், தொட்டியில் நீர்போலப் பற்றரிக்குள் மின்சாரம் தேங்கி நிற்கிறது என்றும் எண்ணுவோர் மிகப் பலர். உண்மை அதுவன்று. பற்றரிக்குள் இருப்பவை சில பொருள்கள். அவை மாற்றமடையும்போதே மின்சாரம் பிறக்கின்றது.

தேசிக்காய் தரும் சான்று

வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க ஒரு பரிசோதனையை முதலிற் கூறுவோம். நாகம் பூசிய ஆணி ஒன்றையும் சுத்தமான செப்புக் கம்பித் துண்டு ஒன்றையும், ஒன்றையொன்று தொடாதவாறு ஒரு தேசிக்காயிற் குத்துக. இவ்வாறு நான்கு தேசிக்காய்களை ஆயத்தஞ் செய்து, ஒன்றின் செம்பை அடுத்ததன் ஆணியோடு கம்பியால் வரிசையாகத் தொடுத்து, இரு முனைகளையும் ஒரு சிறிய சிவப்பு எல்.ஈ.டி. விளக்கோடு இணைத்தால், இருட்டறையில் அவ்விளக்கு மங்கலாக ஒளிரக் காணலாம். ஒளிராவிடின் விளக்கின் கால்களை மாற்றி இணைத்துப் பார்க்குக.

தேசிக்காய்க்குள் மின்சாரம் இருக்கின்றது என்று சிறுவர் உடனே முடிவு கட்டுவர். அவர்களிடம் இன்னொரு காரியம் செய்யச் சொல்ல வேண்டும். செப்புக் கம்பிகளைக் கழற்றிவிட்டு, அவற்றின் இடத்திலும் நாக ஆணிகளையே குத்தினால் விளக்கு எரியாது. தேசிக்காய் அதே தேசிக்காய்தான். ஆகவே, மின்சாரத்துக்கு இருவேறு இயல்புடைய பொருள்கள் வேண்டும் என்பது தெளிவாகும். சில நாட் கழித்து ஆணியை உருவிப் பார்த்தால், புளிக்குள் இருந்த பகுதி மங்கி அரிக்கப்பட்டிருக்கும். விளக்கு எரிந்த செலவைக் கொடுத்தது அந்த நாகமே. உலோகம் கரைந்த அத்தேசிக்காயைப் பின்னர் உணவிற் சேர்த்தல் ஆகாது.

கொடுப்போனும் கொள்வோனும்

உலோகங்கள் யாவும் தம்மிடமுள்ள இலத்திரன்களை ஒரே அளவான விருப்பத்தோடு விட்டுக்கொடுப்பதில்லை. நாகம் தாராளமாகக் கொடுக்கும். செம்பு அத்துணை எளிதிற் கொடாது. நாகத் துண்டு ஒன்றைச் செப்புச் சல்பேற்றின் நீலக் கரைசலில் இட்டால், நாகம் கரைந்து செல்லும், கரைசலிலிருந்த செம்பு செந்நிறப் படிவாக அதன்மேல் ஒட்டும், நீல நிறம் மங்கும், கரைசல் சூடேறும். நாகம் கொடுத்த இலத்திரன்களைச் செம்பு அயன்கள் நேருக்கு நேர், கையோடு கையாக வாங்கிக்கொண்டன. வெளிவந்த சக்தி முழுவதும் வெப்பமாகிப் பயனின்றிப் போயிற்று.

இங்கேதான் மனிதனின் சூழ்ச்சி அமைகின்றது. கொடுப்போனை ஒரு பாத்திரத்திலும் கொள்வோனை மற்றொரு பாத்திரத்திலும் பிரித்து வைத்து, இரண்டுக்கும் இடையே கம்பி ஒன்றை மட்டும் வழியாக அமைத்துவிட்டால் என்ன நிகழும்? கொடுக்கல் வாங்கல் நடந்தே தீரும். ஆனால் இலத்திரன்கள் இப்போது கம்பி வழியே நடந்து சென்றாக வேண்டும். அவை செல்லும் வழியில் நாம் ஒரு விளக்கை வைத்தால் அது எரியும். மோட்டரை வைத்தால் அது சுழலும். மாற்றம் ஒன்றே, பாதைதான் வேறு. மாரி மழைநீர் கண்டபடி ஓடிக் கடலிற் கலப்பதற்கும், அதே நீர் வாய்க்கால் வழியே வயலுக்குச் செல்வதற்கும் உள்ள வேறுபாட்டை இதற்கு ஒப்பிடலாம்.

கம்பி மட்டும் போதாது. இலத்திரன்கள் ஒரு பக்கத்தை விட்டு நீங்கிக்கொண்டேயிருந்தால் அப்பக்கத்தில் நேரேற்றமும் மறுபக்கத்தில் மறையேற்றமும் மிகுந்து, ஓட்டம் கணப்பொழுதில் நின்றுவிடும். கணக்கைச் சமப்படுத்த இரு பக்கங்களுக்கும் இடையே அயன்கள் நடமாட ஈரமான வழி ஒன்று வேண்டும். தேசிக்காயில் அதன் புளிச்சாறு அவ்வழியாக நின்றது. எந்த மின்கலத்தைப் பிரித்துப் பார்த்தாலும் கொடுப்போன், கொள்வோன், இடையிலுள்ள அயன்வழி ஆகிய இம்மூன்றையும் காணலாம். மின்கலங்கள் பலவற்றை ஒன்றாகத் தொடுத்த தொகுதியே முறைப்படி பற்றரி எனப்படும். உலக வழக்கில் தனிக்கலத்தையும் நாம் அப்பெயராலேயே அழைக்கின்றோம்.

வோல்ற்றாவின் அடுக்கு

இவ்வுண்மை எளிதிற் கைவந்ததன்று. இத்தாலியின் பொலோஞா நகரில் வாழ்ந்த கல்வானி, இறந்த தவளையின் கால் இரு உலோகங்கள் தொடும்போது துடிப்பதைக் கண்டு, உயிரின் உடலிலேயே மின்சாரம் உண்டு என 1791 ஆம் ஆண்டில் எழுதினார். பவியா நகரப் பேராசிரியரான அலெசாந்திரோ வோல்ற்றா இதனை ஏற்கவில்லை. தவளையை நீக்கிவிட்டு, வெள்ளி வட்டு, நாக வட்டு, உப்புநீரில் நனைத்த அட்டை என மாறி மாறி அடுக்கினார். அடுக்கின் இரு முனைகளையும் ஈரக் கைகளாற் தொட்டபோது மின்னதிர்ச்சி உண்டாயிற்று. இதனை அவர் 1800 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலண்டன் ரோயல் சங்கத் தலைவருக்குக் கடிதமாக எழுதினார். உலகின் முதலாவது பற்றரி அதுவே.

ஆயினும் வோல்ற்றாவும் ஒன்றைத் தவறவிட்டார். இரு உலோகங்கள் ஒன்றையொன்று தொடுவதே மின்சாரத்துக்குக் காரணம் என அவர் கருதினார். தொடுவதற்கு யாதொரு செலவும் இல்லை. அங்ஙனமாயின் பற்றரி ஒருநாளும் ஓயலாகாது. ஆனால் அடுக்கிலிருந்த நாகமோ அரிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. கரையும் அல்லது படியும் உலோகத்தின் அளவும் ஓடும் மின்சாரத்தின் அளவும் ஒன்றற்கொன்று திட்டமான விகிதத்தில் உள்ளன என்பதை 1830 களில் மைக்கேல் பரடே நிலைநாட்டினார். அக்கணக்கின்படி, ஓர் அம்பியர் மின்னோட்டம் ஒரு மணித்தியாலம் ஓடுவதற்கு ஏறத்தாழ 1.22 கிராம் நாகம் செலவாக வேண்டும். ரோச் லைற்றின் சிறு குமிழ் 0.3 அம்பியர் கொள்வதாயின், பத்து மணித்தியாலம் எரிந்து முடிகையில் அதனுள்ளிருக்கும் ஒவ்வொரு மின்கலத்திலும் 3.7 கிராம் அளவில் நாகம் கரைந்துபோயிருக்கும். மாணவர் இக்கணக்கைத் தாமே செய்து பார்த்தல் நன்று.

மதிலின்மேல் நடந்தது என்ன?

இனிப் பெரியப்பாவின் பற்றரிக்கு வருவோம். அதன் மூலவடிவத்தை 1866 இல் பிரான்சு நாட்டவரான லெக்கிளாஞ்சே அமைத்தார். நீர்க் கரைசலின்றி, ஈரமான பசையைக் கொண்டு அதனை உலர்கலமாக்கியவர் ஜேர்மனியரான காஸ்னர், ஆண்டு 1886. வெளியே காணும் உலோகக் குவளையே நாகம், அதுவே கொடுப்போன். நடுவிலுள்ள கரிக்கோலைச் சூழ்ந்து நிற்கும் கறுப்புத் தூளில் மங்கனீசீரொட்சைட்டு உண்டு, அது கொள்வோன். நவச்சாரம் கலந்த ஈரப்பசை அயன்வழி. இவற்றாற் கிடைப்பது 1.5 உவோற்று.

பற்றரி வேலை செய்யும்போது கரிக்கோலைச் சூழ்ந்த தூளிற் கழிவுப் பொருள்கள் சேர்ந்து வழியை அடைத்துக்கொள்ளும். பசையும் தளரும். அந்நிலையில் நாகம் முற்றாகத் தீருமுன்னரே பற்றரி சோர்ந்துவிடும். அதனைச் சிலகாலம் சும்மா வைத்திருந்தால் தேங்கிய பொருள்கள் ஓரளவு பரவி விலகும். வெயிலில் வைத்தாலோ அயன்கள் விரைவாக நடமாடும். இரசாயனத் தாக்கமும் வேகமடையும். எஞ்சியிருந்த நாகம் இன்னுஞ் சிறிது நேரம் பயன்படும். வெயில் புதிதாக எதனையும் ஊற்றவில்லை. மீதியிருந்ததை வழித்தெடுக்க உதவியது, அவ்வளவே. குவளையில் ஆணியாற் துளையிட்டு உப்புநீர் விட்டோரும் அடைந்த பயன் இதுதான்; வறண்ட அயன்வழி நனைந்தது. ஒவ்வொரு நாளும் செய்தி கேட்ட நேரம் குறைந்துகொண்டே வந்ததன் காரணமும் இதனால் விளங்கும். கரைந்த நாகத்தை எந்த வெயிலும் மீட்டுத் தராது.

மீண்டு வருவனவும் ஊட்டி வளர்ப்பனவும்

கரைந்ததை மீட்கும் பற்றரிகளும் உண்டு. மோட்டார் வண்டிகளிற் காணும் ஈயப் பற்றரியைப் பிரான்சு நாட்டவரான பிளாந்தே 1859 இல் உருவாக்கினார். ஈயத் தகடும் ஈயவீரொட்சைட்டுத் தகடும் சல்பூரிக்கமிலத்தில் நிற்கின்றன. மின்சாரம் தரும்போது இரு தகடுகளிலும் ஈயச் சல்பேற்றுப் படியும். அமிலம் மெலிந்து நீராகும். அமிலத்தின் அடர்த்தியை அளந்தே பற்றரியின் நிலையைத் தொழிலாளர் கூறுவது இதனாற்றான். வெளியிலிருந்து மின்சாரத்தை எதிர்த்திசையிற் செலுத்தினால், படிந்த சல்பேற்று மீண்டும் ஈயமாகவும் ஈயவீரொட்சைட்டாகவும் மாறும். மின்னேற்றுதல் என்பது மின்சாரத்தை உள்ளே நிரப்புவதன்று; பொருள்களைப் பழைய நிலைக்குத் திருப்பி வைப்பதாகும். ஒரு கலம் 2 உவோற்று. ஆறு கலங்கள் சேர்ந்து 12.

கைத்தொலைபேசியிலுள்ள இலிதியம் பற்றரி இன்னும் நயமானது. காரீயத்தின் ஏடுகளுக்கிடையிற் தங்கியிருக்கும் இலிதியம் அயன்கள், பற்றரி பயன்படுகையில் மறுபக்கத்துக் கோபாற்று ஒட்சைட்டுப் போன்ற பொருளின் ஏடுகளுக்குள்ளே சென்று குடிபுகும். மின்னேற்றும்போது திரும்பி வரும். 1991 இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த இதற்கு வழிவகுத்த குட்இனவ், விற்றிங்காம், யொஷினோ ஆகிய மூவருக்கும் 2019 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்போது குட்இனவின் வயது 97. நோபல் பரிசு பெற்றோருள் அவரே மிக மூத்தவர்.

மூன்றாம் வகையொன்றும் உண்டு. அதுவே எரிபொருட் கலம். உலர்கலம் மெழுகுதிரியைப் போன்றது. எரிந்து தீர்ந்ததும் முடிந்தது. எரிபொருட் கலமோ எண்ணெய் ஊற்றி வளர்க்கும் விளக்கைப் போன்றது. வெளியிலிருந்து ஊட்டும்வரை அது மின்சாரம் தந்துகொண்டிருக்கும். இங்கே கொடுப்போன் ஐதரசன், கொள்வோன் ஒட்சிசன். இரண்டையும் கலந்து கொளுத்தினால் வெடிக்கும். பிரித்து வைத்துக் கம்பி வழியே இலத்திரன்களை அனுப்பினால் அமைதியாக மின்சாரம் தரும். மிஞ்சுவது தூய நீர் மட்டுமே.

இதனை 1839 ஆம் ஆண்டிலேயே செய்து காட்டியவர் வில்லியம் குரோவ் என்பவர். சட்டம் பயின்று பின்னர் நீதிபதியானவர். ஆயினும் பெரிய அளவிற் பயன்தரும் கலத்தை ஆக்க நூற்றிருபது ஆண்டுகள் வேண்டியிருந்தன. ஆங்கிலப் பொறியியலாளரான பேக்கன் 1959 இல் 5 கிலோவாற்றுக் கலமொன்றை இயக்கிக் காட்டினார். அதன் வழிவந்த கலங்களே சந்திரனுக்குச் சென்ற அப்பொலோ விண்கலங்களுக்கு மின்சாரம் அளித்தன. அவற்றில் உண்டான நீரையே விண்வெளி வீரர் பருகினர்.

1970 ஏப்பிரலில், அப்பொலோ 13 சந்திரனை நோக்கிச் செல்லும் வழியில் ஒட்சிசன் தாங்கி ஒன்று வெடித்தது. ஊட்டுவதற்கு ஒட்சிசன் இல்லாமற் போகவே, எரிபொருட் கலங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வீரர் மூவரும், சந்திரனில் இறங்குவதற்கெனப் பூட்டியிருந்த சிறு கலத்துக்குட் புகுந்தனர். அதிலிருந்தவை வெள்ளியும் நாகமும் கொண்ட சாதாரண பற்றரிகள். வெப்பமூட்டிகளையும் நிறுத்திக் குளிரில் நடுங்கியவாறு, அப்பற்றரிகளின் சக்தியைத் துளித்துளியாகச் சிக்கனஞ் செய்து, ஏப்பிரல் 17 இல் உயிரோடு பூமி சேர்ந்தனர். மதிலில் வெயில் காயவைத்த பற்றரியைச் செய்திநேரம் வரை பொத்திக் காத்த எமக்கு, அவர்களின் நிலை ஓரளவு விளங்குகின்றது.

ஐதரசனில் ஓடும் கார் 2014 இன் இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஆயினும் ஐதரசன் நிலத்தில் தோண்டியெடுக்க எங்கும் குவிந்து கிடக்கும் பொருளன்று. இன்று அதன் பெரும்பகுதி இயற்கை வாயுவிலிருந்தே பெறப்படுகின்றது. நீரைப் பகுத்துப் பெறுவதற்கோ மின்சாரம் செலவாகும். எந்தக் கலமும் இனாமாக எதனையும் தருவதில்லை.

வீட்டாருக்கு ஒரு சொல்

பற்றரிக்குள் இருப்பது பொருள் என்பதை அறிந்தோர் அதனைக் கையாளும் முறையையும் அறிவர். சாதாரண உலர்கலத்துக்கு மின்னேற்ற முயலுதலும், அதனை நெருப்பில் இடுதலும் கூடா. உள்ளே வாயு பெருகி வெடிக்கலாம். ஓய்ந்த பற்றரிகளைக் கருவிக்குள்ளே விட்டுவைத்தால் நாகக் குவளை அரிந்து உள்ளிருப்பது கசியும். ஈயப் பற்றரிக்கு மின்னேற்றுகையில் ஐதரசன் வெளிவருமாதலால் அருகில் நெருப்பு ஆகாது. அதன் ஈயத்தை வீட்டில் உருக்குவது பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சைக் காற்றிற் கலப்பதாகும். வீங்கிய கைத்தொலைபேசிப் பற்றரியைக் குத்திப் பார்க்கலாகாது, தீப்பற்றும்.

யாவற்றிலும் கொடியது மணிக்கூடுகளிலும் விளையாட்டுப் பொருள்களிலும் உள்ள பொத்தான் பற்றரி. குழந்தை அதனை விழுங்கித் தொண்டையிற் சிக்கிக்கொண்டால், ஈரமான தசையே அயன்வழியாகி மின்னோட்டம் தொடங்கும். அங்கே உண்டாகும் காரம் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே தசையை அரித்துப் புண்ணாக்கிவிடும். தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.

உயர்தர வகுப்பில் மின்னிரசாயனம் படித்த ஆண்டில், விடுமுறைக்கு வீடு சென்ற நாம் பெரியப்பாவிடம் அவர் ஒப்படைத்த கேள்விக்கு விடை கூறினோம். கொடுப்போன், கொள்வோன், கரையும் நாகம் எல்லாவற்றையும் அரை மணித்தியாலம் விளக்கினோம். உளியைத் தீட்டிக்கொண்டே கேட்டிருந்தவர், கடைசியில் ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்.

“அப்ப, அந்தத் தகரம் தேய்ஞ்சுதான் எங்களுக்கு நியூஸ் சொன்னது எண்டு சொல்லு.”

நாம் வகுப்பில் இப்பாடத்தைத் தொடங்கும்போதெல்லாம் அவ்வசனத்தையே முதலிற் சொல்லி வருகின்றோம்.